அறுநூறு சுவர்களும் ஒரு கட்டைவிரலும்

சுவருக்குள் போன குழாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலே பூச்சு ஏறி, டைல்ஸ் ஒட்டி, கண்ணாடி மாட்டி, துண்டு தொங்கவிட ஒரு கம்பியும் அடித்துவிட்டால் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் வருகிறதா என்பதுதான் முக்கியம். எந்த வழியாக வருகிறது என்று கேட்பாரில்லை. குழாய் வேலை பார்க்கும் மேஸ்திரி அப்படியில்லை. தாம் போட்ட குழாய் எந்தச் சுவரில், எந்த மூலையில், தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் திரும்புகிறது என்று எப்போது கேட்டாலும் சொல்வார். வாயால் சொல்லி நிறுத்தவும் மாட்டார். சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, 'இதோ பாருங்க' என்று கண்முன்னால் காட்டுவார்.

அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே. பன்னிரண்டு வயதில் தோளில் இரும்புக் குழாயைத் தூக்கினார். இருபது வயதில் தனியாக வேலை எடுத்தார். முப்பதில் சொந்த வீடு கட்டினார்; அந்த வீட்டின் குழாய் வேலையை வேறொருவர் கை தொட விடவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம். படித்த எஞ்சினியர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறியும் இடத்தில், பூச்சுச் சுவரில் உள்ளங்கையை வைத்தே ஈரம் எங்கே ஊறுகிறது என்று சொல்லிவிடுவார். இது கட்டிவிட்ட கதை இல்லை. பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஊரில் அவருக்குப் பெயர் 'அரைச்சுத்து மேஸ்திரி'. எந்தக் குழாய் இணைப்பை முறுக்கினாலும், 'போதும் மேஸ்திரி, உட்கார்ந்திடுச்சு' என்று பக்கத்தில் நிற்பவர் சொன்ன பிறகு, 'இன்னும் அரைச்சுத்து' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரை ஒரு இழுப்பு இழுப்பார். அந்த அரைச்சுற்றில்தான் தம் பெயர் நிற்கிறது என்பது அவர் நம்பிக்கை. வீட்டில் ஊறுகாய் பாட்டில் மூடியும் அப்படித்தான். அவர் மூடிய பாட்டிலை அவர் வரும்வரை யாராலும் திறக்க முடியாது. 'இந்த மனுஷன் வேலைக்குப் போயிட்டா வீட்டுல பாதிச் சாமான் பூட்டிக் கெடக்குற மாதிரிதான்' என்று அவர் மனைவி தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே சொல்வாள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். முன்னறையில் ஜன்னலோரம் போட்ட தையல் இயந்திரத்தில் தெருவுக்கே சட்டை தைத்துக் கொடுப்பவள். இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எண்ணெய் குறைந்ததா, ஊசி மொண்ணையானதா, நூல் சிக்குமா என்று சொல்லிவிடுவாள். மேஸ்திரிக்கு அந்தச் சத்தமே சரியாகக் கேட்காது. நாற்பது வருஷம் குழாய் புதைக்கச் சுவரில் காடி வெட்டும் இயந்திரத்தைக் காதோரம் பிடித்திருந்தால் யாருக்குத்தான் கேட்கும்? கட்டைவிரலும் அப்படித்தான். ஸ்பேனர் பிடித்துப் பிடித்துத் தோல் செருப்புத் தோலாகக் காய்த்துவிட்டது. சூடான டம்ளரைத் தொட்டால் அரை நிமிஷம் கழித்துத்தான் சுட்டதே தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மகள் இந்தக் கைபேசியை வாங்கிக் கொடுத்தாள். 'பேசறதுக்குத்தானே, எனக்கு எதுக்கு இவ்வளவு பெருசு?' என்று முதல் நாள் முகத்தைச் சுளித்தவர், மூன்றாம் நாள் அதில் படம் எடுக்கலாம் என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஒரு சட்டம் வைத்தார். படம் எடுக்காமல் எந்தச் சுவரையும் மூடக்கூடாது. கொத்தனார் கலவையைக் குழைத்துக்கொண்டு நின்றாலும் சரி, வீட்டுக்காரரே அவசரப்பட்டாலும் சரி.

அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், எழுத வராது. எண்கள் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. அதனால் படத்தின் கீழே 'இன்னார் வீடு' என்று எழுதிவைக்க வழியில்லை. அதற்கும் அவரே ஒரு வழி செய்தார். குழாயை ஒட்டி அங்குல டேப்பைத் தொங்கவிடுவார். அதன் பக்கத்தில் அந்த வீட்டுக்காரரின் பொருள் ஒன்றை வைப்பார். முடி திருத்துபவர் வீட்டுச் சுவரில் சீப்பு. பஸ் ஓட்டுநர் வீட்டில் அவருடைய தொப்பி. வக்கீல் வீட்டில் அவருடைய ஒற்றைச் செருப்பு. வேறு எதையும் தரமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார், செருப்பாவது கொடுங்கள் என்று இவர் வாங்கிவிட்டார். பொருளைப் பார்த்தால் வீடு தெரியும், டேப்பைப் பார்த்தால் அளவு தெரியும். எந்தக் கல்லூரியிலும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் டீச்சரம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகனோடு இருப்பவர். மாடிக் குளியலறைக்கு ஐந்து வருஷத்துக்கு முன் குழாய் போட்டது மேஸ்திரிதான்.

"மேஸ்திரி, மாடியிலேர்ந்து தண்ணி சொட்டுது. நேரா என் புத்தக அலமாரி மேலயே சொட்டுது."

"எத்தனை நாளா டீச்சரம்மா?"

"நாலு நாளா. நீங்க பயப்படாதீங்க, நான் உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா என் பையன் ஒரு காண்ட்ராக்டரைக் கூட்டிட்டு வந்துட்டான். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குச் சுவரை முழுசா உடைக்கப் போறாங்களாம்."

"முழுசாவா? எதுக்கு?"

"குழாய் எங்க ஓடுதுன்னு தெரியாதாம். அந்த நீல டைல்ஸ் இப்போ எங்கயும் கிடைக்காது மேஸ்திரி. செஞ்ச கம்பெனியையே மூடிட்டாங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் ஆறு கடை ஏறி இறங்கி எடுத்தது அது. அவர் கடைசியா ஆசைப்பட்டு வாங்குன பொருள்."

மேஸ்திரிக்கு ரத்தம் சூடேறியது. "டீச்சரம்மா, ஒரு டைல்ஸ். ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மேல ஒண்ணு உடைஞ்சா நான் ஸ்பேனரைக் கீழ போட்டுடறேன். உங்க சுவரு என் பையிலதான் இருக்கு. காலையில ஒன்பதுக்கு முன்னால வந்து காட்டறேன். யாரும் சுத்தியலைத் தொடக்கூடாதுன்னு தம்பிகிட்ட சொல்லிடுங்க."

வாக்குக் கொடுத்துவிட்டுக் கைபேசியைத் திறந்தார். படங்கள் இருக்கும் இடத்தைத் தட்டினார். திரை வெள்ளையானது. கொஞ்ச நேரம் வெள்ளையாகவே இருந்தது. பிறகு தானாக மூடிக்கொண்டது. மறுபடி தட்டினார். மறுபடி வெள்ளை. நான்காம் தடவை ஓர் அறிவிப்பு வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார்: இடம் இல்லை.

அவ்வளவு பெரிய பேச்சுப் பேசியாகிவிட்டது. டீச்சரம்மாவின் சுவர் இந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி திறக்க மாட்டேன் என்கிறது. குழாய் அந்தச் சுவரில் எங்கே திரும்பியது என்று நினைவிலிருந்து சொல்லப் பார்த்தார். இடது பக்கமா, வலதா? ஐந்து வருஷத்தில் எத்தனை குளியலறை! மூடிவைத்த டைல்ஸ் சுவரில் உள்ளங்கை வித்தையும் பலிக்காது. டைல்ஸ் ஈரத்தை வெளியே காட்டாது.

செல் கடைக்காரர் கடைத்தெரு முனையில் இருந்தார். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, இன்னொரு கண்ணால் வாடிக்கையாளரைப் பார்க்கும் மனிதர். கைபேசியை வாங்கி எதையெதையோ தட்டினார்.

"மேஸ்திரி, மொத்தம் அறுபத்து நாலு ஜிபி. அதுல ஐம்பத்தாறைப் படமே தின்னிருக்கு. என்னங்க, சினிமா கம்பெனி நடத்துறீங்களா?"

"நான் சுவரை மட்டும்தான் எடுக்கறேன் தம்பி. நம்பலைன்னா எண்ணிப் பாரு."

"அதான் எண்ணிக்கை இங்க காட்டுதே. அறுநூத்து நாப்பது படம். ஒரு படத்துக்கு மூணு எம்பின்னு வச்சாலும் ரெண்டு ஜிபிதான் வரணும். மீதி ஐம்பத்து நாலு ஜிபி எங்க போச்சு?"

"நீதானே சொல்லணும்? நான் சொல்றதுக்கா உன் கடைக்கு வந்தேன்?"

கடைக்காரர் அழித்த படங்கள் கிடக்கும் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தார், காலி. மேஸ்திரி எதையும் அழிக்கிற ஆளே இல்லை. மற்றவர்கள் அனுப்பும் காலை வணக்கப் படங்கள் சேரும் இடத்தைப் பார்த்தார். இருபது, முப்பதுதான் இருந்தன. யாராவது மறைத்துவைத்த கோப்புறை இருக்கிறதா என்று தேடினார்.

"மறைச்சு வச்சதா? என்னத்தை?" என்றார் மேஸ்திரி.

"இல்லீங்க, சில பேர் வீட்டுக்குத் தெரியாம…"

"எனக்கு வீட்டுக்குத் தெரியாம இருக்கறது என் காய்ச்சல் ஒண்ணுதான். சொன்னா வேலைக்கு விடமாட்டா. வேலையைப் பாரு."

கடைசியில் கணினியில் மாட்டினார். மின்சாரம் ஏறியது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. கைபேசியில் சார்ஜ் ஏற்றும் வாயை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உள்ள பாதி சிமெண்ட் தூள். துடைச்சுப் பாத்துட்டேன், சார்ஜ் மட்டும்தான் ஏறும் போல. படம் வெளிய வராது. ஏதோ வைரஸ்தான் மேஸ்திரி. ஒரு வழி இருக்கு. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசு மாதிரி ஆக்கிடறேன். பத்து நிமிஷம்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்தான்."

மேஸ்திரி கையை நீட்டி, பிடுங்காத குறையாகக் கைபேசியை வாங்கிக்கொண்டார். "தம்பி, அதுக்குள்ள அறுநூறு சுவரு இருக்கு. ஆளுங்க உள்ள குடியிருக்காங்க. அழிச்சிடறேன்னு வாயால சொல்லாத."

வீட்டுக்கு வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே மனைவி இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். விஷயம் முழுவதையும் கேட்டாள். அப்புறம் கேட்டாள்: "நான் அதுல ஒரு முப்பது வீடியோ எறக்கி வச்சிருக்கேனே, அதை எடுத்துட்டா கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

அவள் கைபேசி பொத்தான் வைத்த பழசு. அதனால் காலர் வெட்டுவது, கை இணைப்பது, ஜிப் வைப்பது என்று பார்த்த வீடியோக்களை எல்லாம் கணவர் கைபேசியில் சேர்த்து வைத்திருந்தாள். சாயங்காலம் அவர் முகம் கழுவப் போகும் நேரத்தில் அதை எடுத்துப் பார்ப்பாள்.

"அதை எதுக்கு அழிக்கணும்? நீ பாக்கறதுதானே?"

"காலர் வெட்ட எனக்குத் தெரியாதாக்கும்? சும்மா அடுத்தவ எப்படி வெட்டறான்னு பாத்துச் சிரிக்கத்தான் வச்சிருந்தேன். குடுங்க இப்படி."

ஒவ்வொன்றாக அழித்தாள். வெள்ளை லினன் கோட்டு தைக்கும் ஒன்றின்மேல் மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. அதுவும் போனது. பிறகு படங்களைத் தட்டினாள். இந்த முறை திறந்துகொண்டது.

இரண்டு பேரும் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தேடினார்கள். சீப்பு போனது, தொப்பி போனது, ஒற்றைச் செருப்பு போனது. "இது யார் வீட்டுக் கரண்டி?" "சமையல்காரர்." "இது என்ன, பல்செட்டா?" "பல் டாக்டர். பயப்படாத, அது மாதிரிக்கு வச்சது." இருநூறைத் தாண்டியபோது சிவப்புக் குடை வந்தது. டீச்சரம்மாவின் குடை!

"வந்துட்டியா!" என்று மேஸ்திரி தொடையில் தட்டினார். படத்தைப் பெரிதாக்கினார். முகம் விழுந்துவிட்டது.

படம் ஆடியிருந்தது. குடை தெரிந்தது. சுவர் தெரிந்தது. குழாய் எங்கே வளைகிறதோ அந்த இடத்துக்கு நேராக அங்குல டேப் ஊசலாடி வந்து, மஞ்சளாக ஒரு கோடு இழுத்தது போல மறைத்திருந்தது. எண்கள் கலங்கிக் கிடந்தன. முழங்கை மாதிரி வளையும் அந்த 'எல்போ' இருக்கிற இடம் இதற்குள் எங்கோ இருந்தது, அவ்வளவுதான்.

மேஸ்திரி கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்து அவள் பார்த்ததே குறைவு. அழிக்கவும் மனமில்லாத, காப்பாற்றி வைத்தும் உதவாத அறுநூறு சுவர்கள். காலையில் ஒன்பது மணிக்கு அந்தக் காண்ட்ராக்டரின் சுத்தியல் விழும். டீச்சரம்மா ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் தாங்காது.

மனைவிக்கு அவரைப் பேசவைக்க ஒரே வழிதான் தெரியும். வம்புக்கு இழுப்பது.

"அறுநூறு படத்துல ஊரான் வீட்டுச் செருப்பெல்லாம் இருக்கு. கட்டுன பொண்டாட்டி ஒண்ணுல இருக்கேனா?"

"உன்னைச் சுவருக்குள்ள வச்சா மூடப் போறேன்?"

"ஓ, மூடற பொருளா இருந்தாத்தான் எடுப்பீங்களோ? சரி, இப்போ எடுங்க. இடம் கிடைச்சிருக்கா இல்லையான்னு தெரியட்டும்."

"இப்போ எதுக்கு இதெல்லாம்?"

"எடுங்கன்னா."

அவள் தோள்மேல் கிடந்த அளவு நாடாவைச் சரிசெய்துகொண்டு, இயந்திரத்தின் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேஸ்திரி கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார்; எந்தக் குழாய் இணைப்பையும் முறுக்குவது போல, பல்லைக் கடித்துக்கொண்டு, அது போதும் என்ற பிறகும் இன்னும் கொஞ்சம்.

அவள் முகம் மாறியது. "இருங்க, இருங்க. கையை எடுங்க."

"ஏன்? ஆடிட்டியா?"

"நான் ஆடல. உங்க போன் ஏன் என் தையல் மெஷின் மாதிரி ஓடுது?"

"ஓடுதா? என்ன ஓடுது?"

"டிக்டிக்டிக்டிக்குன்னு. உங்களுக்குக் கேக்கலையா? ஒரு முழுத் தையல் போட்டுது! திரும்ப அழுத்துங்க பாப்போம்."

அழுத்தினார். அவள் காதைப் பக்கத்தில் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். "முப்பது. முப்பதோட நிக்குது. இப்போ என்கிட்ட குடுங்க." அவள் தன் ஆள்காட்டி விரலால், ஊசி நுனியைத் தொடுகிற மாதிரி, தொட்டும் தொடாமலும் தட்டினாள். ஒரே ஒரு 'டிக்'.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் எடுத்த படத்தில் மேஸ்திரியின் முழங்கால் இருந்தது. வேறு ஒன்றுமில்லை. அவர் எடுத்த படத்தின் மூலையில் மட்டும் சின்னதாக ஓர் அடையாளம், சீட்டுக்கட்டை அடுக்கி வைத்த மாதிரி. இத்தனை வருஷமாக அதை அவரும் பார்த்ததில்லை, செல் கடைக்காரரும் பார்க்கவில்லை. அவள் அதைத் தொட்டாள். படம் விரிந்தது. ஒருத்தி இருந்த இடத்தில் முப்பது பேர். முதலாமவள் உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தாள். பத்தாமவளுக்குச் சந்தேகம் வந்திருந்தது. இருபதாமவள் புருவத்தைத் தூக்கினாள். முப்பதாமவள் வாயைத் திறந்து 'கையை எடுங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவி மனுஷா," என்றாள். "ஒரு சுவருக்கு முப்பது படம். அறுநூறு சுவருக்கு எத்தனை ஆச்சு? எண்ணுதான் தண்ணி பட்ட பாடாச்சே, போடுங்க கணக்கை."

மேஸ்திரி போட்டார். பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். வைரஸும் இல்லை, மறைத்து வைத்ததும் இல்லை. பொத்தானை லேசாகத் தட்டாமல் அமுக்கிப் பிடித்தால் அந்தக் கைபேசி முப்பது வரை விடாமல் எடுத்துக்கொண்டே போகும். எடுத்ததை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒன்றை மட்டும் காட்டும். அழுத்தியது விரலுக்குத் தெரியவில்லை, ஓடியது காதுக்குக் கேட்கவில்லை. வேலை நடக்கிற இடத்தில் மற்றவர் காதிலும் விழுந்திருக்காது. அங்கேதான் எந்நேரமும் காடி வெட்டும் இயந்திரம் அலறுகிறதே.

அவள் அடுத்து என்ன நினைத்தாளோ அதையே அவரும் நினைத்தார். இரண்டு பேர் கையும் ஒரே சமயத்தில் சிவப்புக் குடைக்குப் போனது. மூலையில் அதே சீட்டுக்கட்டு. தொட்டார்கள். முப்பது குடை.

முதல் படத்தில் டேப் ஆடியது. ஐந்தாவதில் வலப்பக்கம் போனது. பதினொன்றில் திரும்பி வந்து மறைத்தது. ஆட ஆட வேகம் குறைந்துகொண்டே வந்தது. இருபத்திரண்டாவது படத்தில் டேப் கட்டின கயிறு மாதிரி நேராக நின்றது. எண்கள் பளிச்சென்று இருந்தன. தரையிலிருந்து நாற்பத்தோரு அங்குலம். இடது மூலையிலிருந்து இரண்டு சாண். அங்கே எல்போ.

"பாத்தியா!" என்று மேஸ்திரி எழுந்தே நின்றுவிட்டார். "ஒரு படம் எடுக்கற பயலா இருந்தா இன்னைக்கு நடுத்தெருவுல நின்னிருப்பான். முப்பது எடுத்தேன் பாரு, அதான்!"

"ஆமா, தெரிஞ்சு எடுத்த மாதிரிதான்."

சிரித்துக்கொண்டே படத்தை இன்னும் பெரிதாக்கினார். பிறகு சிரிப்பு நின்றது. பிளாஸ்டிக் எல்போவின் கழுத்தில், மரை ஏறுகிற இடத்தில், வெளுத்த கோடு ஒன்று மெல்லிசாக ஓடியது. இரும்புக் காலத்தில் இதெல்லாம் கிடையாது. பிளாஸ்டிக்கை அளவுக்கு மேல் முறுக்கினால் அது வெளுக்கும். வெளுத்த இடம் வருஷக்கணக்கில் காத்திருந்து ஒரு நாள் விரிசல் விடும். மற்றவர் வேலையில் அந்த வெளுப்பைப் பார்த்து அவர் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார்!

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. வெளிச்சம் பத்தல."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா, ஜன்னல் வெளிச்சம் பத்தலையா, மனசுக்கு ஒப்பலையா என்று.

மறுநாள் எட்டே முக்காலுக்கு மேஸ்திரி டீச்சரம்மா வீட்டு மாடியில் நின்றார். காண்ட்ராக்டர் ஆள் பெரிய சுத்தியலோடு தயாராக இருந்தார். டீச்சரம்மாவின் மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். டீச்சரம்மா கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பரீட்சை அறைக் கண்காணிப்பாளர் மாதிரி.

"இதான் அம்மா சொன்ன படமா?" என்று மகன் கைபேசியை வாங்கினான். "அட! அம்மா, உன் குடை! இவ்வளவு தெளிவா இருக்கே. அப்போ இந்த இடத்துலதான் ஒழுகுதா?"

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு டைல்ஸை எடுத்து, எல்போவை மாற்றி, பழையதைப் பையில் போட்டுக்கொண்டு, 'பொருள் சரியில்லை, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்' என்று சொல்லியிருந்தால் கேட்பாரில்லை. அந்த வெளுத்த கோடு என்னவென்று அங்கே வேறு யாருக்கும் தெரியாது. மேஸ்திரி கைபேசித் திரையில் விரலை வைத்தார்.

"தம்பி, அந்தப் படத்தை இன்னும் பெருசாக்குங்க. கழுத்துல ஒரு வெள்ளைக் கோடு தெரியுதா? அது என் கை. அளவா முறுக்கியிருந்தா இது இருபது வருஷம் பேசாம கெடந்திருக்கும். நான் அரைச்சுத்து அதிகமா இழுத்தேன். ஒழுக்கு என்னாலதான் டீச்சரம்மா."

காண்ட்ராக்டர் ஆள் சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார். தொழில் தெரிந்தவர், இப்படி ஒரு பேச்சை அவர் எங்கேயும் கேட்டிருக்கமாட்டார்.

டீச்சரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நாப்பது வருஷத்துல எத்தனையோ பிள்ளைங்க தப்புப் பண்ணிட்டு நிக்கிறதைப் பாத்திருக்கேன் மேஸ்திரி. ஆதாரத்தையும் கையோட கொண்டுவந்து நிக்கிறது நீங்க ஒருத்தர்தான். சரி, டைல்ஸை உடைக்காம எடுங்க. அதுல மார்க்கைக் குறைச்சிடுவேன்."

ஒரு மணி நேரம் ஆனது. நாற்பத்தோரு அங்குலத்தில், இரண்டு சாணில், ஒரு நீல டைல்ஸின் நாலு பக்க இடுக்கையும் மெல்லிய கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். தட்டி, தடவி, ஊதி, குழந்தையைத் தூங்கவைக்கிற பொறுமையோடு நெம்பினார். டைல்ஸ் முழுசாகக் கைக்கு வந்தது. ஓர் ஓரம் கூடச் சிதறவில்லை. ஊரில் வேறு யாராவது இதைச் செய்து காட்டட்டும். பின்னால் எல்போவின் கழுத்தில் முடி அளவு விரிசலில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

புதிய எல்போவை மாட்டினார். கையால் முறுக்கினார். ஸ்பேனரால் ஒரு சுற்று. உட்கார்ந்துவிட்டது. கை இன்னும் கொஞ்சம் இழுக்கத் துடித்தது. பல்லைக் கடித்தார். கடித்த பல்லை விட்டார். ஸ்பேனரை எடுத்துத் தமக்குப் பின்னால், கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"இப்போ குடையைக் குடுங்க டீச்சரம்மா."

டேப்பைத் தொங்கவிட்டு, அது ஆடி நிற்கும்வரை காத்திருந்தார். இந்தத் தடவை கட்டைவிரல் வேண்டாம் என்று சுண்டுவிரலை நீட்டினார். இருப்பதில் கொஞ்சமாவது மெத்தென்று இருப்பது அதுதான். தட்டினார். "எத்தனை கேட்டுது டீச்சரம்மா?"

"எத்தனைன்னா? ஒண்ணுதான்."

"அது போதும்," என்றார் மேஸ்திரி. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து அதற்கு முன்னால் வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

அப்புறம் ஒரு மாதம், தினமும் சாயங்காலம் கணவனும் மனைவியும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு சுவராகத் திறந்து, முப்பதில் டேப் ஆடாத ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தார்கள். எழுதத் தெரிந்தவள் பக்கத்தில் இருக்கும்போது என்ன குறை? அவள் ஒவ்வொரு படத்துக்கும் வீட்டுக்காரரின் தெருவையும் கதவு எண்ணையும் சேர்த்து எழுதினாள். வெளுத்த கோடு தெரிந்த சுவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு பட்டியல். அது பதினேழு வந்தது. பதினேழு வீட்டுக்கும் மேஸ்திரி தாமே போய், ஒழுகுவதற்கு முன்னால் மாற்றிக் கொடுத்தார். கூப்பிடாமல் வந்து கதவைத் தட்டிய குழாய்க்காரரைப் பார்த்துப் பாதிப்பேர் நம்பவில்லை; வக்கீல் மட்டும், இந்தத் தடவை செருப்பு தரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இடம் தாராளமாகக் கிடைத்தது. லினன் கோட்டு தைக்கும் அந்த வீடியோவை மேஸ்திரியே தேடிப் பிடித்து மறுபடி இறக்கி வைத்தார். எப்படித் தேடினார் என்று கேட்டால் சொல்லமாட்டார். செல் கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் நின்றது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் ஓர் அடுக்குதான் மிச்சம் இருந்தது.

"இதையும் ஒண்ணாக்கிடுங்க. நல்லா இருக்கறது ஒண்ணு போதும்," என்றாள் அவள்.

"எது நல்லா இருக்கு?"

"மொதல்ல இருக்கறது. நிமிந்து உக்காந்திருக்கேன் பாருங்க."

மேஸ்திரி முதலாமவளைப் பார்த்தார். பத்தாமவளைப் பார்த்தார். வாயைத் திறந்து திட்டுகிற முப்பதாமவளிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"டேப் எதுலயும் நேரா இல்ல," என்று அவள் தோளில் கிடந்த அளவு நாடாவைக் காட்டினார். "எது சரின்னு எப்படிச் சொல்றது? முப்பதும் இருக்கட்டும்."

"இடம் அடைச்சுக்கும்."

"அடைச்சுக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.